எட்டாம் மாடிக் கதவு

ஜூலை 4

அன்புள்ள ரைட்டருக்கு,

அப்பா எழுதுவது. போனில் நீ "ம்" என்று மட்டும்தான் சொல்கிறாய். போன ஞாயிறு எண்ணிப் பார்த்தேன், பதினோரு "ம்". பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதற்காகத்தானே உன்னை ரைட்டராக வைத்திருந்தேன், சம்பளம் இல்லாமல்.

விசாரணை முடியும்வரை என்று கம்பெனி அனுப்பிய இந்த ஊரில், மெக்கானிக்கான என்னை லிஃப்ட் பக்கமே விடுவதில்லை. பெரிய கடை, நாலு மாடி, எட்டு எஸ்கலேட்டர். கடை திறப்பதற்கு முன்னால் படியின் பள்ளங்களில் சிக்கியிருக்கும் குப்பையை பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். தலை ஊக்கு, சூயிங்கம், சட்டைப் பொத்தான். நேற்று ஒரு பொம்மையின் கண் கிடைத்தது. அறையில் என்னோடு இரண்டு பெயின்டர்கள். நல்ல மனுஷர்கள், குறட்டைதான் கொஞ்சம் அதிகம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏப்ரல் மாதம் அந்த அடுக்குமாடி வீட்டு லிஃப்டில் உன் சிநேகிதியின் கால் மாட்டிய அன்று, சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து வழக்கம்போல ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், நீ லிஃப்ட் சோதனை லாக் புத்தகத்தில் எழுதினாய். "எட்டாம் மாடிக் கதவுப் பூட்டு, சரி" என்று சொல்லும்போது நான் கொஞ்சமாவது நிறுத்தினேனா? யோசித்தேனா? காலையில் அந்தக் கதவை நான் திறந்தது ஞாபகம் இருக்கிறது. சாத்தியதும் ஞாபகம் இருக்கிறது. சாத்திய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும், அதுதான் விதி. இழுத்துப் பார்த்தேனா என்பதுதான் ஞாபகம் இல்லை. பதினெட்டு வருஷமாகத் தினமும் செய்கிற காரியத்தில் ஒரு நாளை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

விசாரணையில் அந்தப் புத்தகத்தைக் காட்டினேன். தினமும் எல்லா வரியிலும் "சரி", அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்தில். வீட்டில் உட்கார்ந்து எழுதிய புத்தகத்தை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

யோசித்து எழுது. அவசரமில்லை.

அப்பா


ஜூலை 11

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

நீங்கள் எப்போதும் போலத்தான் சொன்னீர்கள். நிறுத்தினதாக ஞாபகம் இல்லை. நானும் எப்போதும் போலத்தான் எழுதினேன்.

தேர்வு தொடங்கிவிட்டது. சாவி மாட்டும் ஆணியில் அம்மா இப்போது கைப்பையை மாட்டுகிறார்.

மகள்


ஜூலை 20

அன்புள்ள ரைட்டருக்கு,

நாலே வரியில் பதில் எழுத உன்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பரவாயில்லை. நிறுத்தவில்லை என்று எழுதினாயே, அதை நான்கைந்து தடவை படித்தேன். நிறுத்தவில்லை என்றால் இழுத்துப் பார்த்திருக்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம், யோசிக்காமல் வாய்க்கு வந்ததை ஒப்பித்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் சரியாக இருக்கும்.

இங்கே எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "இழுப்பு அண்ணே." குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். அறைக் கதவை நான்கு தடவை. வேலைக்குக் கிளம்பிப் பாதி வழி போய்த் திரும்பி வந்து இழுக்கிறேன். பெயின்டர்கள் சிரிக்கிறார்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரித்து முடித்ததும் கை மறுபடி கதவுக்குப் போகிறது. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால் அதுவும் இல்லை. மரத்துப்போன காலில் நடப்பதுபோல இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்குக் காலில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். ரேடியோ என்றுதானே அவளைக் கூப்பிடுவீர்கள்? ஒருமுறை நம் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாள். எனக்கு அவள் குரல்தான் காதில் இருக்கிறது. அவள் அப்பா முகத்தை நான் இன்னும் நேராகப் பார்க்கவில்லை.

கம்பெனியிலிருந்து காகிதம் வந்திருக்கிறது. தவறு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால் உரிமத்தை எடுத்துக்கொண்டு விஷயத்தை முடித்துவிடுவார்கள். மறுக்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் 31க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என்னவென்று மறுப்பது? கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அதற்குப் பிறகு லிஃப்டைத் தொட முடியாது. தொடாமல் இருப்பதே நல்லது. கதவு பூட்டினானா இல்லையா என்று தெரியாதவன் கையில் சாவி எதற்கு?

அப்பா


ஜூலை 27

அன்புள்ள அப்பாவுக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கதவைப் பூட்டியிருந்தீர்கள். நான்தான் திறந்தேன்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்கப் போவதில்லை. வரிசையாகச் சொல்கிறேன், லாக் புத்தகம் மாதிரி.

போன வருஷம் எங்கள் வகுப்பு போட்டோவை ஒருத்தி போன் குழுவில் போட்டாள். ஒவ்வொரு தலைக்கு மேலேயும் பெயர் எழுதியிருந்தாள். என் தலைக்கு மேலே ஒரு கேள்விக்குறி. அவளுக்கு என் மேல் கோபம் எதுவும் இல்லை அப்பா, நிஜமாகவே பெயர் ஞாபகம் வரவில்லை. மூன்று வருஷமாக ஒரே வகுப்பு. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினேன். அன்றிலிருந்து என் பெயர் கேள்விக்குறி. உங்களிடம் சொல்லவில்லை. சொல்லும்படி என்ன இருக்கிறது, யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே அது சரியாகத்தான் பட்டது. மூக்கு இருக்கிறது, கண் இருக்கிறது, ஆனால் பார்த்துவிட்டுத் திரும்பினால் எனக்கே ஞாபகம் இல்லை.

ரேடியோ வீட்டுக்கு ஒரு நாள் நாங்கள் நான்கு பேர் போனோம். லிஃப்டுக்காக நின்றபோது, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று பேச்சு வந்தது. எனக்குத் தெரியும் என்று சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த முறை அங்கே போன அன்று, நீங்கள் குளிக்கப் போனதும், லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற முக்கோணச் சாவியில் ஆணியில் தொங்கும் இரண்டாவதை எடுத்துப் போனேன். எட்டாம் மாடியில் யாரும் குடியில்லை. கதவைத் திறந்து காட்டினேன். உள்ளே இருட்டு, கம்பிகள், கீழேயிருந்து காற்று. மூன்று பேரும் உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்பா, அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் ஒருத்தி தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

ஆனால் ஒரு வாரத்தில் அது பழசாகிவிட்டது. அடுத்து லிஃப்டை ஏழாம் மாடியில் நிற்கவைத்து, எட்டாம் மாடிக் கதவு வழியாக அதன் கூரை மேல் கால் வைத்துக் காட்டினேன். அப்புறம் ஏறி நின்றேன். அப்போதெல்லாம் ஏறியதும் சிவப்புப் பட்டனை அமுக்கிவிடுவேன், அமுக்கினால் லிஃப்ட் அசையாது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். ஒவ்வொன்றும் ஒரு வாரம்தான் தாங்கியது. பயமாக இல்லையா என்று கேட்பார்கள். இல்லை என்பேன். நிஜமாகவே இல்லை. நான் தைரியசாலி என்று அவர்கள் நினைத்தார்கள். அது தைரியம் இல்லை. எனக்கு ஏதாவது ஆனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அன்றைக்கு நானும் ரேடியோவும் மட்டும். கூரையில் நின்று சவாரி போகலாம் என்று நான்தான் சொன்னேன். அவளுக்கு மனசே இல்லை. "உங்கப்பாவே பட்டனை அமுக்கிட்டுத்தானே நிப்பாரு?" என்று கேட்டாள். "எங்கப்பா அமுக்கவே மாட்டாரு, அவரு புலி" என்று சொன்னேன். நீங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்த கதைதான். நான் பின்பக்கம் வலது மூலையில் நின்றேன். அவள் முன்னால் நின்றாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கீழே யாரோ பட்டன் அமுக்கியிருக்க வேண்டும், லிஃப்ட் இறங்கியது. அவள் கால் கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தது. ஆறாம் மாடி வாசல் விளிம்பில் மாட்டியது. அதற்குப் பிறகு பட்டனை அமுக்கினேன்.

உள்ளேயிருந்து ஆறாம் மாடிக் கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்துப்போட்டேன். அவள் அழவில்லை. முகம் வெள்ளையாக இருந்தது. "நீ போ. சாவி உங்கப்பாவுதுன்னு தெரிஞ்சா அவர் வேலை போயிடும். கதவு தொறந்து கெடந்துதுன்னு சொல்லிக்கறேன்" என்றாள். பக்கத்து வீட்டு மணியை அமுக்கிவிட்டு, அவர்கள் வருவதற்குள் படியில் இறங்கி ஓடிவந்தேன். சாவியை ஆணியில் மாட்டினேன். கை கழுவினேன். நீங்கள் வந்து லாக் புத்தகத்தை எடுத்தீர்கள். எட்டாம் மாடிக் கதவுப் பூட்டு என்றீர்கள். சரி என்று எழுதினேன். இரண்டு வரி கழித்து உங்கள் போன் அடித்தது.

பூட்டு உடையவில்லை, அதனால் நீங்கள் பூட்டாமல் விட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நீங்களும் அதை நம்புவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஒருநாள் திரும்பி வந்து, "நான் பூட்டினேன், எனக்குத் தெரியும்" என்று சத்தம் போடுவீர்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீங்கள் சத்தமே போடவில்லை.

மன்னிப்பு என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. அதனால் எழுதவில்லை.

மகள்


ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. இரண்டு ஞாயிறும் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கடிதம் கிடைத்ததா என்று மட்டும் சொல்லுங்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ரேடியோ பள்ளிக்கு வருகிறாள். கைத்தடி வைத்திருக்கிறாள். என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். முன்பெல்லாம் அவள் பேசுவாள், நான் கேட்பேன். இப்போது இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

மகள்


ஆகஸ்ட் 14

ரைட்டருக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தது.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். பூட்டியிருக்கிறேன். இழுத்துப் பார்த்திருக்கிறேன். நாலு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அன்றைக்குக் குளியலறைக் கதவை ஒரே தடவை சாத்திவிட்டு வந்துவிட்டேன். பெயின்டர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள், சொல்லவில்லை.

மறுநாள் மூன்றாம் எஸ்கலேட்டரில் குனிந்து பிரஷ் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் நீ அந்தக் கூரை மேல் நின்றாய் என்பது எனக்கு உறைத்தது. ஒரு நாள் முழுக்க அது தோன்றவே இல்லை. என்ன அப்பன் நான் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து எழுப்பினார். அதற்குப் பிறகு பேனாவை எடுத்தால் எழுத வரவில்லை.

பின்பக்கம் வலது மூலை என்று எழுதியிருக்கிறாய். லிஃப்ட் இறங்கும்போது அந்தப் பக்கம் எடைக்கட்டு மேலே ஏறும். முழுக்க இரும்பு. அதற்கும் கூரை விளிம்புக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி, நானே அளந்திருக்கிறேன். இன்னும் அரை மாடி இறங்கியிருந்தால் அது உன் தோளுக்கு எதிரே வந்திருக்கும். ஆறாம் மாடியில் நீ பட்டனை அமுக்கியதால் வரவில்லை. அந்தப் பெண்ணின் கால் மாட்டியதால்தான் நீ அமுக்கினாய். இதை எழுத எனக்கு நா கூசுகிறது, கை கூசுகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. எங்கே போனாலும் நாலு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கதவிடுக்கில், மேஜைக்கும் சுவருக்கும் நடுவில், பஸ் சீட்டில். இதற்குக் கதவை இழுத்ததே மேல்.

எனக்கு ஏதாவது ஆனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று எழுதியிருக்கிறாயே. கடிதத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன், அந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறேன்.

பட்டன் விஷயம் உண்மை. நான் அமுக்குவதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் அமுக்கினால் பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்று ஆரம்பித்தது, அப்புறம் அதுவே என் பேராகிவிட்டது. நாற்பத்தாறு வயதில் எனக்கே அந்தப் பேர் தேவைப்பட்டிருக்கிறது. உன்னை என்ன சொல்ல?

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். விஷயம் என்னோடு போகட்டும். உனக்குப் பதினாறு வயது, இதைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கே போவாய்? நீ அங்கே இருந்ததாக யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அம்மாவிடமும் சொல்லாதே. எனக்கு உண்மை தெரிந்துவிட்டது, அது போதும். எஸ்கலேட்டரும் வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறேன். நீ எடு. "ம்" மட்டும் சொன்னாலும் போதும்.

அப்பா


ஆகஸ்ட் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தால் கம்பெனிக்கு எழுதி அதைத் திரும்ப வாங்குங்கள்.

முதலில் ரேடியோவிடம் கேட்டேன், பொய் அவளுடையதும்தானே. சொல்லிவிடப் போகிறேன் என்றேன். ரொம்ப நேரம் கைத்தடியின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லு. ஒரு பொய்யைக் காப்பாத்தறதுக்கு எத்தன நாள் வாய மூடிக்கிட்டு இருக்கறது" என்றாள். எடைக்கட்டு விஷயத்தை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவள் என் தோளில் கையை வைத்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

அப்புறம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை அறைந்தார். பிறகு புடவை மாற்றிக்கொண்டு, "கெளம்பு" என்றார். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

கம்பெனி அலுவலகத்தில் விசாரணை அதிகாரி எங்களை அரை மணி நேரம் வெளியே உட்காரவைத்தார். உள்ளே போனதும் அம்மாவைப் பார்த்து, "என்னம்மா, அவர் அனுப்பினாரா?" என்று கேட்டார். என்னை அவர் பார்க்கவே இல்லை. வேலையைத் திரும்ப வாங்குவதற்காகப் பிள்ளையைப் பொய் சொல்லக் கூட்டிவந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையை மட்டும் ஆட்டினார். பேனாவைக்கூட எடுக்கவில்லை.

அப்போதுதான் லாக் புத்தகத்தைக் கேட்டேன். அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டார். ஒரு வெள்ளைத்தாளும் கேட்டேன். சாவி எடுத்ததிலிருந்து ஆணியில் மாட்டினது வரைக்கும் அவர் எதிரேயே எழுதினேன். எந்தக் கதவு, எத்தனை தடவை, கூரையில் யார் எங்கே நின்றோம், பட்டன் எந்தப் பக்கம். அவர் தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உங்களை நம்ப முடியாது என்று சொல்லக் காரணமாக இருந்த அதே கையெழுத்து. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்போதுதான் என்னைப் பார்த்தார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மறுபடி விசாரணை வைப்பார்கள். ரேடியோவின் அப்பாவைக் கூப்பிடுவார்கள். பள்ளிக்கும் தகவல் போகும், என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது என்றார். லாக் புத்தகத்தைப் பிள்ளையை வைத்து எழுதியதற்கு உங்களுக்கும் தண்டனை உண்டாம், ஆனால் அது தனியாம். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். வீடு வரும்வரை விடவில்லை. ரொம்ப இறுக்கமாகப் பிடித்திருந்தார், வலித்தது.

எனக்கு நிம்மதியாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், தெரியவில்லை. அழுகை வரவில்லை. நீ அங்கே இருந்ததாக யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எழுதினீர்களே, அந்த வரியை நானும் தாண்டிப் போய்விடுகிறேன் அப்பா. கூரை மேல் ஏறினதே யாராவது என்னைப் பார்க்கட்டும் என்றுதான். அவள் கால் போன இடத்தில் மட்டும் நான் இல்லாமல் போனால் எப்படி? நான் அங்கே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் எடுப்பேன். என்ன பேசுவது என்று தெரியாது, ஆனால் எடுப்பேன்.

லாக் புத்தகத்தின் அன்றைய பக்கத்தில் நீங்கள் சொல்லி முடிக்காத வரிகள் மூன்று காலியாகவே இருக்கின்றன. திருத்த அனுமதி கேட்டேன், அவர் தரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எட்டாம் மாடிக் கதவு: பூட்டியிருந்தது. இழுத்துப் பார்க்கப்பட்டது.
திறந்தவர்: மெக்கானிக்கின் மகள்.
கூரையில் இருந்தவர்கள்: இரண்டு பேர்.

ரைட்டர்